கையொப்பம் கேட்டு எழுதிய கடிதங்கள்

நடிகருக்குக் கடிதம் எழுதி, அவர் கையொப்பமிட்ட படத்தைக் கேட்டுப் பெறும் வழக்கம், நடிகரும் ரசிகரும் வெவ்வேறு ஊர்களில் வாழும்போதே பொருளுடையதாகிறது என்பதற்குப் புதுக்கோட்டையின் திரை வரலாறு ஒரு சான்று. ஆங்கில ஆட்சியின் மேலாண்மைக்கு உட்பட்டு மன்னர் ஆண்ட சமஸ்தானமாகப் புதுக்கோட்டை 1948 வரை இருந்தது. அவ்வூரைச் சேர்ந்த பி. யு. சின்னப்பா, 'உத்தமபுத்திரன்' (1940), 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942) ஆகிய படங்களால் தியாகராஜ பாகவதருக்கு இணையாகப் பேசப்பட்ட காலத்திலும் சொந்த ஊரைக் கைவிடாமல், ஈட்டிய பொருளை அங்கேயே வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி அவருக்கு வீடு விற்கக் கூடாதென்று சமஸ்தானம் ஆணையிட்டதாகவே ஒரு கதை வழங்குகிறது. கதை மிகையாக இருக்கலாம். ஆயினும் தெருவில் கண்ணுக்கு எட்டும் நட்சத்திரத்துக்கு ஊரார் தபால்தலை ஒட்டவேண்டிய தேவை பெரிதாக இருந்திராது.

சின்னப்பா 1951இல் மறைந்தார். 1920இல் அதே ஊரில் பிறந்த ஜெமினி கணேசன் புகழடைந்தபோது, ஸ்டூடியோக்கள் கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் சூழ்ந்து வளர்ந்திருந்தமையால், அவரும் அவர்தம் சமகாலத்தவரும் சென்னைவாசிகளாகிவிட்டிருந்தனர். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீண்ட இந்த இடைவெளியை நிரப்பியவை 1942இல் தோன்றிய 'பேசும் படம்', 1966இல் வந்த 'பொம்மை' போன்ற சினிமா இதழ்களே. கேள்வி–பதில் பகுதியும் முழுப்பக்கப் படங்களும் நடிகர்களின் முகவரிகளும் அவற்றின் வழியாகவே சிற்றூர்களை அடைந்தன.

இவ்வழக்கத்தின் நடைமுறை தபால்துறையின் ஏற்பாடுகளையே சார்ந்திருந்தது. இந்தியாவில் 1879இல் கால் அணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டை எழுதுவதற்கு மலிவானது. 1884இல் வந்த பதில் அட்டை, எழுதுபவரே விடைக்கான கட்டணத்தையும் முன்கூட்டிச் செலுத்திவிடும் இரட்டை அட்டையாகும். ஆனால் புகைப்படம் அட்டையில் அடங்காது என்பதால், படம் வேண்டியவர் தம் முகவரியைத் தாமே எழுதித் தபால்தலையும் ஒட்டிய ஓர் உறையைக் கடிதத்துடன் இணைத்தனுப்பினார். அரிசன நிதிக்கு ஐந்து ரூபாய் பெற்றுக்கொண்டே காந்தி கையொப்பமிட்டதோடு ஒப்பிட்டால், இரு தபால்தலைகளின் விலைக்குக் கிடைத்த நடிகரின் கையொப்பம் மலிவானதே.

அது நடிகர் தாமே இட்டதுதானா என்பது வேறு கேள்வி. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 1920களிலேயே ரசிகர் கடிதங்களுக்கெனத் தனிப் பிரிவுகளை வைத்து, உதவியாளர் இட்ட கையொப்பத்தையும் படத்தோடு சேர்த்து அச்சிட்ட கையொப்பத்தையும் அனுப்பி வந்தன. கடிதங்கள் மூட்டைகளாக வந்து குவியும் எந்த நட்சத்திரத்துக்கும் வேறு வழி இருந்திருக்க இயலாது. அத்தகைய உறையில் ஐயத்திற்கு இடமின்றிக் கைப்பட எழுதப்பட்டிருந்தது, ரசிகர் தாமே எழுதிய தம் முகவரி மட்டுமே. எனினும் சென்னை முத்திரையுடன் தபால்காரர் கொண்டுவந்து தந்த உறை, தெருவில் அவருக்கு ஒரு மதிப்பை ஏற்படுத்தப் போதுமானதாக இருந்தது.

இந்த மதிப்பு எல்லார்க்கும் எட்டியதன்று. 1951இல் சென்னை மாநிலத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. ஆகவே கடிதம் எழுதும் ரசிகர் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு உள்ளவராகவே இருந்திருக்க வேண்டும், ஏனையோரின் ஈடுபாடு கொட்டகையிலும் ரசிகர் மன்றத்திலும் வெளிப்பட்டது. ரசிகர் பண்பாட்டை ஆராய்வோர் மன்றங்களையே பெரிதும் நோக்கியதால், கடிதம் எழுதியோர் ஓரளவு கவனத்திலிருந்து தப்பிவிட்டனர் எனலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்துக்கும் மக்களுக்கும் இடையிலான உறவைப் பெருமளவில் மாற்றியது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கமே. வயதுவந்தோர்க்கு எழுத்தறிவிக்கும் அவ்வியக்கத்தில் கல்குவாரித் தொழிலாளப் பெண்கள் உள்ளிட்ட பலர், சைக்கிள் ஓட்டக் கற்றதோடு, கைநாட்டு, அதாவது பெருவிரல் ரேகை, வைப்பதை விட்டுத் தம் பெயரை எழுதவும் பழகினர். இம்மாவட்டத்தில் அறிவொளியை ஆராய்ந்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி, அவ்வாறு பழகியோர் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுசென்ற மனுக்களில் தாமே கையொப்பமிட்டதைத் தம் ஆய்வின் முதன்மையான பொருள்களுள் ஒன்றாகக் கொண்டார்.