கர்நாடகம் முதல் ஆழ்வார்க்கடியான் வரை: கல்கியின் நையாண்டி

கல்கி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘பொன்னியின் செல்வன்’. அவருடைய நகைச்சுவைக் கட்டுரைகளோ, நாவலாசிரியர் உருவாகும் முன் நடந்த எழுத்துப் பழக்கம் என்ற அளவில் ஓரம்கட்டப்படுகின்றன. இந்தப் பார்வை தவறானது. நையாண்டிதான் கல்கியின் மையத் தொழில். சரித்திர நாவலும் அந்தப் பட்டறையில் உருவானதே.

கல்கி என்ற புனைபெயரில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று மாயவரத்துப் பக்கத்துப் புத்தமங்கலத்தில், கர்ணம் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, திருச்சியில் பள்ளியிறுதித் தேர்வு எழுதாமலே வெளியேறி, 1922இல் சிறை சென்றார். 1923இல் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் துணையாசிரியரானார். அங்கே இருந்தபோதே ‘ஏட்டிக்குப் போட்டி’ என்ற கட்டுரையை ‘ஆனந்த விகடன்’ இதழுக்கு அனுப்பினார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை நடத்தினார். கள்ளுக்கடை வாசலில் நிற்பவனுக்கு உபதேசம் ஏறாது; கதை சொன்னால் நின்று கேட்பான். சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு கட்சியை வாதாடும் வித்தை அங்கே நன்றாகப் பழகியது.

1930களில், திருத்துறைப்பூண்டிக்காரரான எஸ்.எஸ். வாசனின் விகடனில் அந்த வித்தை பல முகங்கள் எடுத்தது. தலையங்கமும் தொடர்கதையும் எழுதிய அதே கை, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் கச்சேரிகளையும் விமர்சித்தது. ராக லட்சணம் தெரியாதவரும் கச்சேரி விமர்சனத்தை ஆவலோடு படிக்கலாம் என்று அந்தப் பகுதி காட்டியது. இதை வெறும் எளிமைப்படுத்தல் என்று தள்ள முடியாது. சபாவின் முன்வரிசைக்கு மட்டுமே உரியதாக இருந்த ரசனையை அது பொது விவாதமாக்கியது.

1941க்குப் பின் எழுந்த தமிழிசைச் சர்ச்சையில் இதன் பலன் தெரிந்தது. திருவையாற்றுத் தியாகராஜரின் தெலுங்குக் கிருதிகளும், சீர்காழியில் வாழ்ந்த முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் ஆகியோரின் தமிழ்ப் பாடல்களும் ஒரே காவிரி மண்ணின் விளைச்சல். ஆனால் கச்சேரி மேடையில் தமிழுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடைசி வரிசை. மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் தேடிய அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சிக்குக் கல்கி வரிந்துகட்டிக்கொண்டு துணை நின்றார். விமர்சகராக அவர் முன்பே ஈட்டியிருந்த வாசகர் கூட்டம் இல்லாவிட்டால் அந்தக் குரல் அவ்வளவு தூரம் எட்டியிருக்காது என்றே கருத வேண்டும்.

சினிமாவையும் அவர் விடவில்லை. பாபநாசம் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ 1939இல் வெளிவந்தது. கல்கி எழுதிய அந்தக் கதை, படத்தின் காட்சிப் புகைப்படங்களோடு விகடனில் தொடராக வந்தது. ஊரார் சாதி விலக்கு செய்த சம்பு சாஸ்திரியின் துயரக் கதை அது. ஆனால் விலக்கு செய்யும் அக்கிரகாரத்துப் பெரிய மனிதர்களைக் கல்கி தீட்டிய விதம் முழுக்க நையாண்டிக்காரருடையது. 1941இல் விகடனை விட்டு விலகி, டி. சதாசிவத்தோடு ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். அதற்கான முதலுக்காகச் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார்.

எதிர்வாதமும் வலுவானதே. புதுமைப்பித்தன் கல்கியைத் தழுவல்காரர் என்று கடுமையாகச் சாடினார். வாரந்தோறும் வாசகரை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் கல்கியின் பாத்திரங்களின் ஆழத்தைக் குறைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே கட்டாயம் தந்த லாபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயங்களைப் பாருங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வரும் வந்தியத்தேவன், சிறிது தூரத்தில் ஒரு கூட்டத்தைக் காண்கிறான். நடுவில் ஆழ்வார்க்கடியான் என்ற வீர வைஷ்ணவர், ஒரு சைவர், ஓர் அத்வைதி. எல்லாம் பிரம்மம் என்றால் என் தடியும் பிரம்மம், அடிபடும் நீரும் பிரம்மம் என்ற வகையில் ஆழ்வார்க்கடியான் தடியைத் தூக்குகிறான். தஞ்சைப் பக்கத்துத் திண்ணைகளில் கேட்கும் வம்புவாதத்தின் தொனி அப்படியே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் சமயப் பூசலை ஒரு வாரப் பத்திரிகை வாசகருக்கு ஒரே காட்சியில் புரியவைக்கிறது அது. இப்படிச் சிரிக்க வைத்து வாசகரை அசர வைத்துவிட்டு, அந்த வம்புக்காரனையே சோழ முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயரின் ஒற்றனாகக் கதைக்குள் நடமாட விடுகிறார் கல்கி.