ஊடகமும் இளைய வாக்காளரும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம்

வாக்குரிமை விரிவடையுந்தோறும் புதிய வாக்காளரை அணுகும் வழிகளை அரசியல்வாதிகள் நாடுதல் இயல்பே. 1933 மார்ச் 12 இல் சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் வங்கி நெருக்கடி பற்றி வானொலியில் உரையாற்றியமையும், 1960 செப்ரெம்பரில் கெனடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தமையும் இத்தேடலின் இரு கட்டங்களாகும். எனினும், இவ்விரு சாதனங்களிலும் தலைவர் பேசினார், மக்கள் கேட்டனர். உடனுக்குடன் மறுமொழி கூறும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை.

1971 இல் அரசியலமைப்பின் 26 ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆகக் குறைத்தது. வியட்நாம் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்ட இளைஞருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்ட முரண்பாடு இதற்குத் தூண்டுகோலாயிற்று. இலங்கையில் இம்மாற்றம் 1959 இலேயே நிகழ்ந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆயினும், அமெரிக்க இளைஞர் மூத்தோரிலும் குறைந்த வீதத்திலேயே தொடர்ந்து வாக்களித்து வந்தனர். 1992 இல் பில் கிளின்ரன் இரவுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற் சக்சபோன் வாசித்தமை இவர்களைக் கவரும் முயற்சியே.

இணையத்தின் வருகை இந்நிலையை மாற்றியது. 2004 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கான சனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் ஹவார்ட் டீன் தோல்வியுற்றாராயினும், இணையவழிக் கூட்டங்களை ஒழுங்குசெய்தும் சிறு நன்கொடைகளைத் திரட்டியும் அவருடைய ஆதரவாளர் புதுவழி காட்டினர். அவ்வாண்டே ஹாவாட் பல்கலைக்கழக மாணவரிடையே முகநூல் தோன்றிற்று. அதன் நிறுவுநருள் ஒருவரான கிறிஸ் ஹியூஸ் பின்னர் பராக் ஒபாமாவின் பிரசாரத்திற் பணியாற்றினார். ஆதரவாளர் தாமே குழு அமைக்கவும், கூட்டம் கூட்டவும், நிதி சேர்க்கவும் அப்பிரசாரம் இடமளித்தது. 2008 தேர்தலில் 30 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒபாமாவுக்கு வாக்களித்தனர். இவ்வெற்றியைச் சாதனத்தின் விளைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஈராக் போரும் பொருளாதார நெருக்கடியும் தோற்றுவித்த அதிருப்திக்கு அது செயல்வடிவம் தந்தது என்பதே பொருத்தமாகும்.

இதன் மறுபக்கம் 2018 இல் வெளிப்பட்டது. முகநூலைப் பயன்படுத்திய 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விபரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றிருக்கலாமென முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வானொலியில் ஒரு தலைவர் கூறியதை யாவரும் கேட்டனர். ஆதலின் எதிரணியினர் அதனை மறுக்கவும் முடிந்தது. ஒவ்வொருவரின் விருப்புவெறுப்புகளை அறிந்து அவரவர்க்கெனத் தனித்தனியே செய்தி அனுப்பப்படுமிடத்து, ஒருவருக்குக் கூறப்பட்டது அயலவருக்குத் தெரியவராது. பொது விவாதத்தின் அடிப்படையே இதனால் ஆட்டங்காணுகின்றது.

எனவே, புதிய சாதனம் இளைஞரை எட்டுகின்றதா என்பதிலும், அது அவர்களை அரசியலின் பங்காளராக்குகின்றதா அன்றி வெறும் இலக்காக்குகின்றதா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.