நாணயத்தில் ஒரு நாணயஸ்தர்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புரளும் காசும் நாணயமே. சொன்ன சொல் பிறழாத நேர்மையும் நாணயமே. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய காசொன்று 1948ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டில் வெளிவந்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் நூற்றாண்டு நினைவாக அந்நாட்டரசு மூன்று வெள்ளிக் காசுகளை வெளியிட்டது. 5 ஃபோரிண்ட் காசில் கவிஞர் பெட்டோஃபியும், 20 ஃபோரிண்ட் காசில் எழுத்தாளர் தான்சிச்சும் இடம்பெற்றனர். 10 ஃபோரிண்ட் காசில் பொறிக்கப்பெற்ற முகம், அந்நாட்டின் முதற் போக்குவரத்து அமைச்சரான இஸ்த்வான் சேச்செனி பிரபுவினுடையது.

அக்காசு பிறந்த காலத்தை நாம் மறந்துவிடலாகாது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1946இல், ஹங்கேரியின் பழைய பணமான பெங்கோ உலகம் கண்டிராத வீழ்ச்சியை அடைந்திருந்தது. ஒன்றுக்குப் பின் இருபது பூச்சியங்கள் இடத்தக்க பெருந்தொகைக்கெல்லாம் நோட்டு அச்சிட்டார்கள். அதை வாங்குவோர்க்கு நம்பிக்கை இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாளன்று ஃபோரிண்ட் என்னும் புதிய பணம் புழக்கத்துக்கு வந்தது. நம்பிக்கை இழந்து மீண்ட ஒரு நாட்டின் காசில், வாழ்நாளெல்லாம் நம்பிக்கையைப் பற்றியே பேசிய ஒருவரின் முகம் அமைந்தது பொருத்தமே.

சேச்செனி 1791இல் வியன்னா நகரில் பிறந்தவர். நெப்போலியனை எதிர்த்த போர்களில் குதிரைப்படை அதிகாரியாய்ப் பணியாற்றியவர். 1825இல் போஜோனி நகரில், அதாவது இன்றைய பிராட்டிஸ்லாவாவில், கூடிய நாட்டு மன்றத்தில் அவர் எழுந்து, ஹங்கேரிய மொழிக்கென ஓர் அறிவுக் கழகம் அமையத் தம் நிலங்களின் ஓராண்டு வருமானம் முழுவதையும் தருவதாக அறிவித்தார். ஹங்கேரிய அறிவியற் கழகம் இவ்வாறே தோன்றியது.

ஆயினும் அத்தகைய செல்வருக்கே வியன்னா வங்கியொன்று கடன் தர மறுத்தது. காரணம், 1351ஆம் ஆண்டுப் பழஞ்சட்டம். பிரபுக்களின் பரம்பரை நிலம் குடும்பத்தை விட்டு வெளியேறலாகாது என்பது அதன் விதி. ஆகவே கடன் கொடுத்தவன் தன் பொருளை மீட்க வழியில்லை. நிலம் கடல்போல் விரிந்து கிடந்தும், பாலமும் பாதையும் அமைக்கப் பணம் திரளவில்லை. இந்நிலையை ஆராய்ந்து 1830இல் சேச்செனி எழுதிய நூலின் பெயர் 'ஹிட்டெல்'. அம்மொழியில் 'ஹிட்' என்பது விசுவாசம். அதிலிருந்து கிளைத்த 'ஹிட்டெல்' கடனுக்கு ஆதாரமான நம்பிக்கையைக் குறிக்கும். அரபு மொழியில் ஈமான் என்பதும் அமானத் என்பதும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதை அறிந்த நமக்கு இது விந்தையாய்த் தோன்றாது. வட்டி நமக்கு விலக்கப்பட்டது. அதனால் அந்நூலின் வங்கி வாதங்கள் நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் வாக்கு உறுதியற்ற இடத்தில் எந்தப் பொதுப்பணியும் எழாது என்னும் அதன் சாரம் யாவர்க்கும் உரியது.

பூடா, பெஸ்ட் என்னும் இரு நகர்களையும் இணைக்கும் சங்கிலிப் பாலம் அவர் முயற்சியால் எழுந்தது. அதனினும் பெரிய செயல், பிரபுக்களும் அப்பாலத்தில் சுங்கம் செலுத்த வேண்டும் என்னும் 1836ஆம் ஆண்டுச் சட்டம். வரியே அறியாத வகுப்பார், குடியானவரோடு ஒன்றாய் நின்று காசு நீட்ட நேர்ந்தது.

இனி இரயில் பாதையைக் காண்போம். ஹங்கேரியின் முதல் நீராவி இரயில் 1846 ஜூலை 15 அன்று பெஸ்டிலிருந்து வாட்ஸ் ஊருக்கு ஓடிற்று. தொலைவு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். மறு ஆண்டு செப்டம்பரில் பெஸ்டிலிருந்து சோல்னோக் வரை மற்றொரு பாதை திறக்கப்பட்டது. இவை தனியார் முயற்சிகள். கம்பெனிகள் தத்தம் இலாபம் நோக்கிப் பாதையிட்டால் நாடு ஒன்றுபடாது எனக் கண்டார் சேச்செனி. பெஸ்டை நடுவாக வைத்து, சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நாற்புறமும் பாதைகள் செல்ல வேண்டும். அதற்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என 1848 தொடக்கத்தில் ஒரு திட்டம் வெளியிட்டார். மக்கள் தலைவர் கொஷூத்தோ, டான்யூப் கரையின் வுகோவாரிலிருந்து ஃபியூமே துறைமுகத்துக்கு நேரே பாதை வேண்டும் என்று போராடியவர். சேச்செனி அதை எதிர்த்தார். இவ்விருவரின் பிணக்கு நாடறிந்தது. அவ்வாறிருந்தும், சேச்செனியை 'ஹங்கேரியருள் மிகப் பெரியவர்' என்று முன்னரே புகழ்ந்தவர் அதே கொஷூத்தான்! கருத்து மாறுபாடு பகையாய் முற்றாத பெருந்தன்மையை இதிற் காண்கிறோம்.

1848 ஏப்ரலில் அமைந்த பட்டியானி அமைச்சரவையில் இருவரும் இடம்பெற்றனர். கொஷூத் நிதிக்கும், சேச்செனி பொதுப்பணிக்கும் போக்குவரத்துக்கும் பொறுப்பேற்றனர். கடனுக்குத் தடையாய் நின்ற அப்பழஞ்சட்டமும் அவ்வாண்டே நீங்கிற்று. ஆனால் வியன்னாவோடு போர் மூளும் நிலை வரக் கண்டு சேச்செனியின் மனம் உடைந்தது. செப்டம்பரில் வியன்னாவை அடுத்த டோப்ளிங் மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1849 நவம்பரில் சங்கிலிப் பாலம் திறக்கப்பட்டது. அதன் மீது நடக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1860 ஏப்ரலில் அவ்வில்லத்திலேயே துயரமான முறையில் அவர் வாழ்வு முடிந்தது.

தந்தையின் பணி மகனிடம் தொடர்ந்தது. பூடாக் குன்றின் மேல் மக்களை ஏற்றிச் செல்லும் சாய்தள இரயில் 1870இல் இளைய மகன் ஓடோனின் முயற்சியால் திறக்கப்பட்டது. பின்னர் இஸ்தான்பூல் நகரின் தீயணைப்புப் படையைச் சீரமைக்க உஸ்மானிய அரசு அவரை அழைத்தது. பாஷா பட்டம் பெற்று, அந்நகரிலேயே வாழ்ந்து, 1922இல் அங்கேயே காலமானார்.

ஹங்கேரியின் நிலப்படத்தை இன்று விரித்தாலும், இரயில் பாதைகள் தலைநகரிலிருந்து ஆரக்கால்களாய்ப் பிரிவதைக் காணலாம். 1948இன் வெள்ளிக் காசு இன்று சேகரிப்போர் பேழைகளில் மட்டுமே இருக்கிறது. அதைக் கொண்டு எவரும் எதையும் வாங்குவதில்லை. அதில் முகம் பதித்த மனிதர் வகுத்த வழியிலோ மக்கள் நாள்தோறும் பயணம் செய்கின்றனர்.