வைரம் பாய்ந்த மரமும் மூழ்கிய காடும்

தேக்கடி ஏரியில் படகேறுவோரின் கண்கள் யானைக் கூட்டத்தைத் தேடுகின்றன. நம் பார்வையோ நீரின் நடுவே இலையின்றிக் கறுத்து நிற்கும் பட்ட மரங்களிலேயே நிலைத்துவிட்டது. முல்லைப் பெரியாற்று நீர்த்தேக்கத்தில் மூழ்கிய காட்டின் எச்சம் அவை. ஊரின் பெயரே தேக்கு மரத்தால் வந்தது என்று சொல்வாரும் உண்டு.

உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் வகுத்தது தொல்காப்பியம். அந்த அகவைரத்தின் சிறப்புக்குத் தேக்கைவிட நல்ல சான்று இல்லை. வெளிப்புற வெள்ளைப் பகுதியைச் செல் அரிக்கும். பொன்பழுப்பு நிற வைரத்தையோ எளிதில் அண்டாது. அதிலுள்ள இயற்கை எண்ணெய்ப்பசையே காவல். கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடை. வலிமைக்கு ஏற்ற கனம்தான். வெயிலிலும் மழையிலும் அதிகம் சுருங்காது, முறுக்காது. ஆகவே நிலைக்கும் கதவுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் தேக்கையே நாடினர். குறை ஒன்றுண்டு: மரத்திலுள்ள மணற்சத்து உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும்.

தேக்கு, தன்னில் அறையப்பட்ட இரும்பையும் அரிப்பதில்லை. கப்பல் கட்டுவோர் அதை விரும்பியதற்கு இதுவும் காரணம். செங்கடற்கரையில் ரோமானியர் காலத் துறைமுகமான பெரெனிகேயில் நடந்த அகழாய்வில் இந்தியத் தேக்கு மிகுதியாகக் கிடைத்தது. கடலோடி ஓய்ந்த கலங்களின் மரம் அங்கே கட்டடங்களில் மறுபடி பயன்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மலையாளத் 'தேக்கு' போர்த்துகீசியரிடம் 'தெக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. மரத்தோடு சொல்லும் கடல் கடந்தது.

பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. எனவே பர்மாவில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வெட்டி, சில ஆண்டுகள் நின்றபடியே உலரவிட்டு, பின்பே வீழ்த்தி ஆற்றில் விட்டனர். செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கும் தேக்கின் பின்னே அப்படி நின்றபடி செத்த காடுகள் இருக்கின்றன.

தேக்கடியின் மரங்களும் நின்றபடிதான் செத்தன. ஆனால் மரத்துக்காக அன்று, நீருக்காக. 1876–78 பெரும்பஞ்சத்தின் நினைவு ஆறாத காலத்தில், 1887இல் பென்னிகுவிக் தொடங்கிய அணைப் பணி 1895இல் நிறைவேறியது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்நீரை நம்பியிருக்கிறது. காற்றுப் புகாத நீரடியில் மரத்தை உளுக்கும் பூஞ்சை வாழாது. நூற்றாண்டு கடந்தும் அடிமரங்கள் நிற்பது அதனால்தான்.

அணை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது; நாம் உண்பது அந்தச் சோறு. ஆனால் வைகை பிறக்கும் வருசநாட்டு, மேகமலைக் காடுகளைக் கன அடிக் கணக்கில் விலை பேசும் கண்ணை நாம் மாற்றிக்கொண்டாக வேண்டும். அம்மலைகள் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது நல்ல செய்தி. தச்சன் கையில் மரத்தின் மதிப்பு அதன் வைரம். மலையில் நிற்கும்போது அதன் மதிப்பு, வேர் பிடித்துவைத்திருக்கும் நீர்.