கிண்ணியாத் துறையும் அந்நியச் சாரதியும்

கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டு 1624இல் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரும், அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தரும், 1795இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் திருகோணமலைக்குக் கடல் வழியே வந்தவர்கள். ஆதலால் துறைமுகத்தின் ஆழத்தை அளப்பதில் அவர்கள் காட்டிய சிரத்தையை, அதன் முதுகுப்புறத்துக் காட்டினூடே வழி சமைப்பதிற் காட்டினாரில்லை. இருப்புப் பாதையே 1927இற்றான் இங்கு வந்து சேர்ந்தது.

அந்நியர் பெருந்தொகையாக இம்மாவட்டத்தில் மோட்டார் வண்டி ஓட்டியது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். சீனக்குடாவின் விமானத்தளத்திற்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் கடற்படைத் துறைக்குமிடையே இராணுவ லொறிகள் ஓடின. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இவ்விடங்களிலேதான். அந்தச் சாரதிகளை விருந்தினர் என்று சொல்வதற்கில்லை. நாட்டை ஆள்பவனை நிறுத்தி அனுமதிப்பத்திரம் கேட்பார் யார்?

1957 ஒக்டோபரில் கடற்படைத்தளம் இலங்கையின் கைக்கு வந்தது. அதே ஆண்டிலேயே, வீதிப் போக்குவரத்துப் பற்றிய 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரன் இனி உல்லாசப் பிரயாணியாக வரலாம், சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்றாயிற்று. ஆனால் அப்பத்திரத்தை 1904இல் தோன்றிய மோட்டார்ச் சங்கத்தின் கொழும்புக் காரியாலயத்திற்குக் கொண்டுபோய் முத்திரை பெறவேண்டும் என்ற நடைமுறை வந்து நிலைத்தபின், பாய்க்கப்பலில் நேரே திருகோணமலையில் வந்திறங்கும் பிரயாணி, வண்டி ஓட்டும் உரிமையைத் தேடித் தீவின் மறுகரைக்குப் போகவேண்டியவரானார். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் நிலை இன்னும் விநோதமானது. இடப்பக்கம் ஓட்டும் வழக்கம் அவருக்குப் புதிதன்று, கடைத்தெருவின் பேச்சும் புதிதன்று; எனினும் ஊரில் இருபது வருஷம் ஓட்டிய பத்திரம் இங்கே தனித்துச் செல்லாது. 2025இல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிகப் பத்திரம் வழங்கத் தொடங்கியது, காலங்கடந்து வந்ததாயினும் நல்ல ஏற்பாடே.

முன்னாளிற் பத்திரம் கிடைத்தாலும், திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகிறவரைத் தண்ணீர் மறித்தது. மகாவலியின் கிளைகளும் களப்புகளும் ஊடறுக்கும் மட்டக்களப்பு வீதியிற் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குமேல் துறை. ஒவ்வொன்றிலும் ஊரார் ‘பாதை’ என்றே வழங்கும் மிதவை. முன்சக்கரங்கள் பலகையில் ஏறுகையில் மிதவை சற்றே தாழும். அவ்வேளை வண்டியை நிறுத்தாமலும் விரைந்து செலுத்தாமலும் ஏற்றுவதற்கு ஒரு பதம் வேண்டும். அந்தப் பதம் எந்தத் தேசத்துப் பரீட்சையிலும் கேட்கப்படாதது. கரையில் நிற்கும் பாதைக்காரரின் கையசைவே அதற்குச் சட்டமும் போதனையும். உள்நாட்டு யுத்த வருஷங்களிலோ துறைகளோடு சோதனைச் சாவடிகளும் சேர்ந்துகொள்ள, பிறநாட்டார் அவ்வழியைப் பெரும்பாலும் மறந்தேவிட்டனர்.

2009 ஒக்டோபரில், 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டிமுடிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. மற்ற மூன்று துறைகளுக்கும் 2011இல் பாலங்கள் வந்தன. திருகோணமலையிற் புறப்படும் அந்நியர் இன்று மூதூர் சேரும்வரை, இடையிற் பொலிசார் பத்திரத்தைக் கேட்டாலன்றி, வண்டியை நிறுத்தவேண்டியதில்லை.