புறக்காழ்: மலையடிவார மூங்கிலும் முடைந்தவர் பெயரும்

நாகர்கோவிலிலிருந்து வடக்கு நோக்கி அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் கடந்து செல்லும் சாலை கீரிப்பாறையை அடையும்போது நாஞ்சில் நாட்டின் மூன்று முகங்களையும் நாம் கண்டுவிடுகிறோம். முதலில் வயல், அடுத்து ரப்பர்த் தோட்டம், அதற்கப்பால் காணிக்காரர் வாழும் மலை. மருதமும் குறிஞ்சியும் இத்துணை நெருங்கிக் கிடக்கும் நிலம் தமிழகத்தில் அரிது. இவ்விரு திணைகளுக்கும் இடையே பன்னெடுங்காலம் நடந்துவந்த கொடுக்கல் வாங்கலில் மூங்கிலுக்குத் தனியிடம் உண்டு. நெல் விளைந்தது கீழே. அந்நெல்லைப் புடைக்கும் சுளவுக்கும் சுமக்கும் கூடைக்கும் உரிய மூங்கிலும் ஈத்தையும் விளைந்தது மேலே.

ஈத்தை என்பது தென்மலைத் தொடரில் ஓடைக்கரைகளில் புதர்புதராக வளரும் நாணல்வகை மூங்கில். மலையாளத்தார் ஈற்ற என்பர். மெல்லிய சுவர், நீண்ட கணுவிடை, எளிதில் பிளக்கும் தன்மை ஆகியவற்றால் முடைவதற்கு இதனினும் ஏற்றது வேறில்லை. இதன் இலை காணிக்காரர் குடிலுக்குக் கூரையாயிற்று. தண்டு பாயாகவும் தட்டியாகவும் கூடையாகவும் ஆயிற்று. மலையில் காணிக்காரரும் அடிவாரத்திலும் சமவெளியிலும் சாம்பவர் முதலான குடியினரும் இத்தொழிலை அறிந்திருந்தனர்.

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பகுக்கிறது. வயிரம் உள்ளே உடையது மரம். வெளியே உடையது புல். இவ்விலக்கணப்படி மூங்கில் புல்லினத்தது. இன்றைய தாவரவியலும் அதனைப் புற்குடும்பத்திலேயே வைக்கிறது. இது வெறும் வகைப்பாடன்று என்பதை மூங்கில் முடைவோர் கையைக் கவனித்தால் உணரலாம். பிளந்த மூங்கிலின் புறத்தோலைச் சீவி எடுக்கும் சிம்பே உறுதியானது. சுமை தாங்கும் கூடைக்கும் விளிம்பு கட்டுவதற்கும் அதுவே பயன்படும். உட்புறச் சதையில் மாவுச்சத்து மிகுதி. அதைத் தேடியே வண்டு துளைக்கும். இலக்கணத்தார் புறக்காழ் என்று பெயரிட்டதை முடைவோர் கத்திமுனையில் அறிந்திருந்தனர். இவ்விரண்டில் எது முந்திய அறிவு என்று கேட்பின், கத்தியின் அறிவே என்று கூறத் தோன்றுகிறது.

சங்கப் புலவர் மூங்கிலுக்கு வேய், வெதிர், கழை, அமை, பணை, முந்தூழ், வேரல் எனப் பல பெயர் வழங்கினர். தலைவியின் தோளுக்கு அதனை உவமை கூறினர். உழவர் உழாமலே பாரியின் பறம்புமலை தரும் நான்கு விளைபொருள்களில் மூங்கில் நெல்லை முதலாவதாக எண்ணினார் கபிலர். மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. செடிக்கு இத்தனை பெயர் தந்த மரபில், அதனை முடைந்த ஒருவரின் பெயரேனும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

இந்தப் பெயரின்மை பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1883இல் வெளிவந்த சாமுவேல் மட்டீரின் திருவிதாங்கூர் பற்றிய நூலும், 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளும் காணிக்காரரைப் பற்றி எழுதுகின்றன. ஓர் இனத்தின் பழக்கங்களை விவரிப்பதே அவற்றின் நோக்கம்; இப்பொருளை இன்னார் செய்தார் என்று பதிவதன்று. மார்த்தாண்ட வர்மருக்குக் காட்டில் அடைக்கலம் தந்தவர் காணிக்காரர் என்பது வழிவழிச் செய்தி. அந்த உறவின் அடையாளமாகத் தேனும் மூங்கிற் பொருள்களும் சுமந்து திருவனந்தபுரம் சென்று அரச குடும்பத்தைக் காணும் வழக்கமும் உண்டு. அங்கும் பொருள் நினைவில் நின்றது, செய்தவர் நிற்கவில்லை.

காடு கைமாறிய வரலாறும் இதனோடு பிணைந்தது. திருவிதாங்கூர் அரசு காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவித்தது. ஈத்தை, காகித ஆலைக்கான கூழ்ப்பொருளாகவும் ஆயிற்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன; மலையின் ஒரு சரிவு கேரளத்திலும் மறு சரிவு தமிழகத்திலுமாயின. 1984இல் அரசு ரப்பர் கழகம் உருவாயிற்று. அதன் தோட்டங்களில் கீரிப்பாறையும் ஒன்று. மலைப்பகுதி மக்களில் பலருக்கு அன்றாடக் கூலி பால்வடிப்பில் கிடைத்தது. சமவெளியிலோ நெகிழிக் கூடையும் நெகிழிச் சுளவும் சந்தையை நிறைத்தன. கேரளத்தில் முடைவோருக்கு ஈற்றை வழங்கவும் அவர்தம் பொருளை வாங்கவும் 1971இல் அங்கமாலியைத் தலைமையிடமாகக் கொண்டு மாநில மூங்கில் கழகம் தோன்றியது. மூலப்பொருளுக்கே அரசு வழி செய்ய வேண்டிய நிலையை அதனால் அறியலாம்.

சட்டத்தின் போக்கும் வியப்புக்குரியது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரத்தோடு சேர்த்து எண்ணியது. காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கிலை அவ்வரையறையிலிருந்து நீக்க 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்று, அதனைச் சேகரிக்கவும் விற்கவும் காடுவாழ் மக்களுக்கு உரிமை உண்டென்றது. ஆனால் ஏட்டில் உள்ள உரிமை, கத்தியோடு காட்டுக்குள் செல்லும் ஒருவருக்கு நடைமுறையில் கிடைக்கிறதா என்பதே கேள்வி. தொழிலின் உயிர் அந்த விடையில் இருக்கிறது.

இனி, நவீனக் கலை இத்தொழிலைக் காக்க வல்லதா என்பதை நோக்குவோம்.

ஜப்பானிய வரலாறு நமக்கு ஒரு விடை தருகிறது. அங்கும் கூடை முடைவது பெயரற்ற தொழிலாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒசாகாவில் வாழ்ந்த முதலாம் ஹயகாவா ஷோகோசாய் (1815–1897) தம் கூடையில் கையொப்பம் இட்ட முதல் கலைஞராகக் கருதப்படுகிறார். கையொப்பம் வந்தபின் பாணி வந்தது, பரம்பரை வந்தது, விமர்சனமும் வந்தது. 1967இல் ஷோனோ ஷோஉன்சாய் மூங்கிற் கலையில் முதன்முதலாக 'வாழும் தேசியச் செல்வம்' என்ற சிறப்பைப் பெற்றார். 2017இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஜப்பானிய மூங்கிற் கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அதன் வாயிலில் நான்காம் தனாபே சிக்குன்சாய் கூரையைத் தொடும் பெரும் பின்னல் ஒன்றை எழுப்பினார். கண்காட்சி முடிந்ததும் அத்தகைய பின்னலைப் பிரித்து, அதே சிம்புகளை அடுத்த படைப்புக்குப் பயன்படுத்துவது அவர் வழக்கம். பழுதான கூடையின் நல்ல சிம்பை எறியாமல் எடுத்துவைக்கும் முடைவோரின் சிக்கனம் அங்கே கலைக்கொள்கையாகியிருக்கிறது.

நம் அருகிலும் சான்று உண்டு. 1966இல் சென்னைக்கருகே கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் எழுந்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியரும் சிற்பியரும் பாத்திக் முதலிய கைவினைகளின் வருவாயைக் கொண்டே தம் கலையைப் பேணினர். அங்கே கைவினை கலையைத் தாங்கியது. இன்று நாம் எதிர்பார்ப்பது அதன் மறுதலை: கலை கைவினையைத் தாங்க வேண்டும் என்பது. 2022 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறி பியென்னாலேயில் ஆசிம் வாகிஃப் மூங்கிலால் எழுப்பிய பெருங்கட்டமைப்பில் பார்வையாளர் உள்ளே நடந்தனர். அதன் உறுப்புகளைத் தட்டி ஒலியெழுப்பினர். இத்தகைய படைப்பு, மூங்கில் என்றால் மலிவுப் பொருள் என்னும் எண்ணத்தை ஒரே நாளில் மாற்றிவிடக்கூடியது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. கட்டமைப்புக்குக் கீழே ஒட்டப்படும் சீட்டில் ஒரு பெயர் இருக்கும். மூங்கிலை வெட்டியவர், பிளந்தவர், முடிச்சிட்டவர் பெயர்கள் இருக்குமா? இராவிடின், பாரியின் மலையிலிருந்து கண்காட்சிக்கூடம் வரை பெயரின்மையே தொடர்ந்ததாக ஆகும். வடிவம் பிழைக்கும், தொழில் பிழைக்காது.

இவ்வையத்துக்கு விடைதேட அகத்தியமலையின் மறுசரிவில் நிகழ்ந்த ஒன்று உதவும். 1987இல் திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் காட்டுக்குள் சென்றபோது, காணி வழிகாட்டிகள் களைப்பு நீங்க உண்ட ஒரு பழத்தைக் கண்டனர். அச்செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் உரிமம் 1995இல் ஒரு கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகையில் பாதியும் அரசுரிமைப் பங்கில் பாதியும் காணி மக்களுக்கு என முடிவாயிற்று. 1997இல் அவர்கள் அறக்கட்டளை பதிவாயிற்று. மரபறிவுக்குப் பங்கு தர முடியும் என்பதற்கு உலகமே இதனை எடுத்துக்காட்டியது. ஆயினும் காட்டில் அச்செடியை வளர்க்கவும் பறிக்கவும் வனத்துறையின் இசைவு எளிதில் கிடைக்காததால் திட்டம் தளர்ந்தது. பெயரும் பங்கும் கிடைத்தும், காடு கிடைக்கவில்லை.

மூங்கிலுக்கும் இப்பாடம் பொருந்தும். கீரிப்பாறை போன்ற மலையடிவாரத்தில் கலைஞரும் முடைவோரும் கூடி ஒரு படைப்பை ஆக்குவார்களாயின், அவர்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது வடிவத்தின் வரைபடத்தை அன்று. யார் பெயர் எங்கே வரும், விற்பனையில் யாருக்கு எவ்வளவு, எந்த ஓடைக்கரையில் எவ்வளவு ஈத்தை வெட்டலாம் என்பவற்றையே. சுளவுக்கு இனிப் பெருஞ்சந்தை திரும்பப்போவதில்லை. ஆனால் புறத்தோலையும் உட்சதையையும் விரலால் பிரித்தறியும் அறிவு ஒரு தலைமுறை கைவிட்டால் நூலிலிருந்து மீளாது. அவ்வறிவுடையவர் இன்று முதியவர். அவருக்குக் கூலியாளாக அன்றி ஆசிரியராக இடமளிக்கும் கலையே இத்தொழிலைக் காத்ததாகும். அவர் அருகில் அமர்ந்து கற்க ஒரு பேரனோ பேத்தியோ முன்வருவதும் அப்போதுதான் நிகழும்.