தாஜ்மகாலைக் கட்டிய கைகள்

தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியில் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து உற்றார் உறவினர் வந்து சேர்ந்தால், இரண்டு நாள் தலைநகரைச் சுற்றிக் காட்டிவிட்டு, மூன்றாம் நாள் அவர்களை ஆக்ராவுக்கு அழைத்துச் செல்வதே அது. விடியுமுன் புறப்பட்டுத் தாஜ்மகாலைக் கண்டு, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். 1964-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய தாஜ் எக்ஸ்பிரஸ், இத்தகைய ஒருநாள் யாத்திரிகர்களை மனத்திற் கொண்டு விடப்பட்ட ரயிலாகும். 2012-இல் 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச் சாலை திறக்கப்பட்ட பின்னர், சாலை வழிப் பயணமும் எளிதாயிற்று. வாகனங்கள் மாறிவிட்டன, விருந்தினரும் ஆண்டுதோறும் மாறுகின்றனர், முதல்நாள் இரவே கிளறிக் கட்டிவைக்கும் புளியோதரைப் பொட்டலம் மட்டும் மாறவில்லை.

நாமும் சில நாட்களுக்கு முன் அவ்வாறே புறப்பட்டோம். எம் தமக்கையாரும், அவர் கணவரும், அவர்களுடைய பத்து வயது மகனும் உடன் வந்தனர். வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலா பஸ் ஒன்றில் இடம் கிடைத்தது. அதிகாலை மூன்று மணிக்கு நகரம் உறங்கிக் கொண்டிருந்தபோது வண்டி கிளம்பியது. கதிரவன் எழுவதற்கு அரைமணி முன்பே தாஜ்மகாலின் வாயில் திறக்கப்படும். வெள்ளிக்கிழமை மட்டும் பார்வையாளருக்கு இடமில்லை. புகையினால் சலவைக்கல் கெடாதிருக்க, பஸ்களை வாயிலுக்குத் தொலைவிலேயே நிறுத்திவிடுகின்றனர். அங்கிருந்து மின்கல வண்டியில் ஏறிக் கிழக்கு வாயிலை அடைந்தோம்.

உள்ளே நுழைந்ததும் கண்முன் நிற்பது தாஜ்மகால் அன்று. அதை மறைத்து நிற்கும் செங்கல் நிறத்துப் பெருவாயிலே. வெண்பளிங்கில் கருங்கல்லைப் பதித்து எழுதிய திருவாசகங்கள் அதன் வளைவைச் சுற்றி ஓடுகின்றன. தென்புறத்தில் உள்ளவை திருக்குர்ஆனின் 89-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை. அந்த அத்தியாயத்தின் பெயர் ‘வைகறை’. வைகறையில் வந்து நின்ற நமக்கு அப்பெயர் பெரிதும் பொருத்தமாகத் தோன்றியது. வாயிலின் இருளைக் கடந்தபோது, தோட்டத்தின் கோடியில் சாம்பல் நிறமாய் ஓர் உருவம் தெரிந்தது. சிறிது நேரத்தில் அது வெளுத்தது. பின் மெல்லச் சிவந்தது. இறுதியில் கதிர் பட்டதும் வெள்ளை வெளேரென ஒளிர்ந்தது. தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. கைகூப்பியபடியே நின்றார்.

எம் வழிகாட்டி ஆக்ராவிலேயே பிறந்து வளர்ந்தவர்; இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார்; தமிழ்க் குடும்பங்கள் பல வருவதால் “வாங்க, பாருங்க” என்னும் இரு சொற்களையும் கற்று வைத்திருந்தார். மேடையின் அடியில் எங்களை நிறுத்திக் கதையைத் தொடங்கினார். 20,000 பேர் 22 ஆண்டுகள் உழைத்தனராம். வேலை முடிந்ததும், இதுபோல் இன்னொன்று உலகில் எழும்பலாகாது என்று எண்ணிய பாதுஷா, கட்டிய தொழிலாளர் அனைவருடைய கைகளையும் வெட்டுமாறு ஆணையிட்டாராம். கூட்டத்தினர் ‘ஐயோ’ என்றனர். சிலர் உடனே கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக் கொண்டனர்.

சிறுவன் மட்டும் எம் விரலைப் பற்றி இழுத்தான். “மாமா, கட்டினவர்களுடைய கையையே வெட்டிவிட்டார்கள் என்றால், இதைப் போய் எல்லோரும் ஏன் அழகு என்கிறார்கள்?” என்று கேட்டான். அவன் தந்தை, “அது அந்தக் காலத்துக் கதையடா” என்று சொல்லி நகர முயன்றார். கதை என்றால் விட்டுவிடலாம். வரலாறு என்றால் விட இயலாது. சிறுவன் கேட்டது நேர்மையான கேள்வி. அதற்குரிய விடையைப் பழைய ஏடுகளிலும் கல்லெழுத்துகளிலும் தேடுவதே முறையாகும்.

மும்தாஜ் மகால் பேகம் 1631-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தபதி ஆற்றங்கரையில் உள்ள புர்ஹான்பூரில், பதினான்காவது மகப்பேற்றின்போது உயிர் துறந்தாள். ஷாஜஹான் அப்போது தக்காணப் படையெடுப்பை முன்னிட்டு அங்கே தங்கியிருந்தார். குஜராத்திலும் தக்காணத்திலும் கொடிய பஞ்சம் மக்களை வாட்டிய காலம் அது. அரசியின் உடலை முதலில் ஆற்றின் மறுகரைத் தோட்டமொன்றில் அடக்கம் செய்து, சில மாதங்களுக்குப் பின் ஆக்ராவுக்குக் கொண்டு சென்றனர். 1632-இல் யமுனைக் கரையில் வேலை தொடங்கியது. கட்டுவதற்குத் தேர்ந்த நிலம் ஆம்பேர் அரசரான ராஜா ஜெய்சிங்கின் குடும்பத்துக்கு உரியது. அதற்கு ஈடாக நான்கு மாளிகைகளை அவருக்கு அளித்ததை 1633-ஆம் ஆண்டு அரசாணை தெரிவிக்கிறது.

இனி, கைகளின் செய்திக்கு வருவோம். ஷாஜஹான் ஜெய்சிங்குக்கு விடுத்த ‘பர்மான்’ என்னும் அரசாணைகள் இன்னும் சில உள்ளன. சலவைக்கல் முழுவதும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மக்ரானாவிலிருந்து வரவேண்டும். அச்சுரங்கங்கள் ஜெய்சிங்கின் செல்வாக்குக்கு உட்பட்ட பகுதியில் இருந்தன. ஆதலால், கல் தச்சர்களையும் வாடகை வண்டிகளையும் திரட்டித் தரும்படியும், கூலியும் வாடகையும் அரசுக் கருவூலத்திலிருந்து கொடுக்கப்படும் என்றும் பாதுஷா எழுதினார். 1637-இல் எழுதிய ஆணையில் குரல் சற்றுக் கடுமையாகிறது. ஜெய்சிங்கின் ஆட்கள் கல் தச்சர்களை ஆம்பேரிலும் ராஜ்நகரிலும் தடுத்து வைத்துக் கொள்வதால் மக்ரானாவுக்குப் போதிய ஆட்கள் வருவதில்லை. அவர்களை இனித் தடுக்கலாகாது. அனைவரையும் மக்ரானாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

இவ்வாணை நமக்கு உணர்த்துவது யாது? பாரதத்தின் பேரரசரும் ஓர் அரசரும் கல் தச்சர்களின் கைகளுக்காகப் போட்டியிட்டனர் என்பதே. வண்டி போதவில்லை, ஆள் போதவில்லை என்று அரியணையிலிருந்து ஓலை பறக்கும் நாளில், தேர்ந்த கை பொன்னினும் அரிய பொருள். அதை வெட்டி எறிய யார் துணிவர்? அதே வேளையில் இவ்வாணை இன்னோர் உண்மையையும் மறைக்கவில்லை. தச்சரைத் தடுத்து வைப்பதும் அனுப்பி வைப்பதும் அரசரின் வேலையாக இருந்தன. எங்கே போவது என்று தச்சரைக் கேட்டார் இல்லை. அவர்களுடைய கைகள் வெட்டப்படவில்லை. ஆயினும் முற்றிலும் அவர்களுடையவையாகவும் இருக்கவில்லை.

வேலை முடிந்தபின் வெட்டினர் என்பதும் காலக் கணக்குக்குப் பொருந்துவதாய் இல்லை. அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீது லாஹோரி, 1643-இல் நடந்த அரசியின் நினைவு நாளை ஒட்டிக் கட்டடத்தை விரிவாக வருணிக்கிறார். செலவு 50 இலட்சம் ரூபாய் என்றும், மக்ரமத் கான், மீர் அப்துல் கரீம் இருவரும் மேற்பார்வை செய்தனர் என்றும் எழுதுகிறார். சுற்றுக் கட்டடங்களின் வேலை அதற்குப் பின்னும் நீடித்தது. இதனிடையே, 1639-இலேயே தில்லிச் செங்கோட்டைக்குக் கடைக்கால் இட்டாயிற்று. சிற்பியான உஸ்தாத் அகமது லாஹோரி ஆக்ராக் கல்லறையையும் தில்லிக் கோட்டையையும் கட்டியவர் என்று அவர் மகன் லுத்புல்லா தம் செய்யுளில் பெருமையுடன் குறித்துள்ளார். செங்கோட்டை 1648-இல் முடிந்தது. மறு ஆண்டு உஸ்தாத் அகமது காலமானார். ஆக்ராக் கோட்டைக்குள் வெண்பளிங்காலான மோத்தி மசூதி 1653-இல் முடிவுற்றது. ‘இன்னொன்று எழும்பலாகாது’ என்று கையை வெட்டியிருந்தால், அதே நகரில் அதே பளிங்கில் அம்மசூதி எழும்பியது எவ்வாறு? நாள்தோறும் நாம் கடந்து செல்லும் செங்கோட்டை எழும்பியது எவ்வாறு?

1652-இல் இளவரசர் ஔரங்கசீப் தம் தந்தைக்கு எழுதிய கடிதமும் ஒரு சான்று. மழைக்காலத்தில் கல்லறையின் குவிமாடம் ஒழுகுகிறது என்று அதில் தெரிவிக்கிறார். ஒழுகும் மாடத்தை அடைப்பது யார்? தொழில் தெரிந்த கைகள் அன்றோ!

வழிகாட்டி கூறிய 20,000 பேர், 22 ஆண்டு என்னும் கணக்கு, தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகரின் நூலிலிருந்து வந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை தாம் நேரிற் கண்டதாக அவர் எழுதுகிறார். ஆயின் அவர் ஆக்ராவுக்கு முதன்முதல் வந்தது 1640-41 குளிர்காலத்தில்தான். தொடக்கத்தை உண்மையிலேயே கண்டவர் பீட்டர் மண்டி என்னும் ஆங்கில வணிகர். சூரத்திலிருந்து ஆக்ரா வரை பஞ்சத்தின் கோரத்தைப் பார்த்துக் கொண்டே வந்த அவர், பொன்னும் வெள்ளியும் பளிங்கும் சாதாரணப் பொருள்களைப் போல அங்கே குவிந்ததை வியப்புடன் எழுதிவைத்தார். மறுகரையில் ஷாஜஹான் தமக்கெனக் கருங்கல்லறை ஒன்று கட்ட முனைந்தார் என்னும் கதைக்கும் தவர்னியேயின் குறிப்பே வித்து. 1990-களில் அக்கரையிலுள்ள மேத்தாப் பாக் என்னும் தோட்டத்தை அகழ்ந்தபோது, கிடைத்தது கருங்கல்லறையின் அடிப்படை அன்று. தாஜ்மகாலின் நிழல் விழும் எண்கோணக் குளமொன்றே.

கையை வெட்டிய கதை தாஜ்மகாலுக்கு மட்டும் உரியதன்று. மாஸ்கோ நகரில் உள்ள புனித பசில் ஆலயத்தைக் கட்டிய சிற்பியின் கண்களை அந்நாட்டு அரசர் குருடாக்கினார் என்று அங்கும் சொல்கின்றனர். பெரியதொரு கலைச்செல்வத்தைக் கண்ட மக்கள், ‘இதன் விலை யாது?’ என்று தமக்குள் கேட்டுக் கொள்கின்றனர். பொருளால் அளக்க இயலாதபோது குருதியால் அளக்கின்றனர். அக்கதையில் அரசனின் கொடுமை நினைவில் நிற்கிறது. கட்டியவனின் திறமை மறைந்துவிடுகிறது. அவனைக் கை இழந்தவனாக மட்டுமே காண்கிறோம். கை உடையவனாக ஒரு கணமும் காண்பதில்லை. இதுவே அக்கதை செய்யும் பெரும் தீங்கு.

இவ்வளாகத்தில் தம் பெயரைப் பொறித்துக் கையொப்பமிட்ட கலைஞர் ஒருவர். கல்லெழுத்தை எழுதிய அமானத் கான். ஷிராஸ் நகரத்திலிருந்து வந்து குடியேறிய அவருடைய கையொப்பம், 1638-39-க்குரிய ஆண்டுக் குறிப்புடன், கல்லறையினுள் உள்ளது. மற்றவர்கள் பெயரெழுதும் தகுதி பெற்றாரல்லர். ஆயினும், செந்நிறக் கற்களை உற்று நோக்கினால், நட்சத்திரம் போன்ற சிறு அடையாளங்கள் ஆங்காங்கே செதுக்கியிருப்பதைக் காணலாம். அவை கல் தச்சர் இட்ட குறிகள். எந்தக் கல்லை எவர் கொத்தினார் என்று கணக்கு வைக்க அவை உதவின. அரசவை ஏட்டில் இடம் பெறாதவர்கள் கல்லில் இடம் பெற்றனர்.

மக்ரானாக் கல் தச்சரும், லாஹோர்ச் சிற்பியும், ஷிராஸ் எழுத்தாளரும் யமுனைக் கரைக்கு வேற்றூரிலிருந்து வந்தவர்களே. கைத்தொழிலை மூட்டையாகக் கட்டிக் கொண்டு, பிறந்த மண்ணை விட்டு, வேறு மொழி வழங்கும் நகரில் வந்து இறங்குவது எத்தகையது என்பதைப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் தமிழருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நண்பகலுக்குப் பின் வழிகாட்டி எங்களைத் தாஜ்கஞ்சுக்கு அழைத்துச் சென்றார். கல்லறையோடு சேர்த்தே திட்டமிட்டுக் கட்டிய கடைவீதிகளும் சத்திரங்களும் இருந்த இடம் அது. 30 கிராமங்களின் வரியோடு அக்கடைகளின் வருவாயும் கல்லறையின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. இன்றும் அங்கே நெருக்கமாக மக்கள் வாழ்கின்றனர். ஒரு பட்டறையில் முதியவர் ஒருவர் தரையில் அமர்ந்து, சாணைச் சக்கரத்தைச் சுழற்றி, நகக் கண்ணளவு நீலக்கல்லைப் பூவிதழாகத் தேய்த்துக் கொண்டிருந்தார். பளிங்கில் பள்ளம் செதுக்கி நிறக்கற்களைப் பதிக்கும் அவ்வேலையைப் ‘பச்சிகாரி’ என்கின்றனர். இது தம் முன்னோரின் தொழில் என்றார் அவர். சிறுவன் நீலக்கல்லைப் பார்க்கவில்லை. அவருடைய விரல்களையே பார்த்துக் கொண்டிருந்தான். நுனி தேய்ந்து, கல்தூள் படிந்து வெளுத்திருந்த அவ்விரல்களைப் பத்து வரை எண்ணினான் போலும்.

திரும்பும் வழியில், ஏடுகள் கூறுவனவற்றை அவனுக்குப் புரியும் வகையில் சொன்னோம். “அப்படியென்றால் நம் செங்கோட்டையையும் அவர்கள்தான் கட்டினார்களா, மாமா?” என்று கேட்டான். ஆம் என்றோம். நாளைக்கு மறுபடியும் செங்கோட்டைக்குப் போகலாமா என்றான். முன்பே ஒருமுறை பார்த்தாயிற்றே என்று தமக்கையார் சொல்லியும் அவன் விடவில்லை.

வழிகாட்டியின் மேல் நமக்குச் சினம் இல்லை. வழிவழியாகக் கேட்டதை அவர் சொல்கிறார். ‘ஐயோ’ என்று நாம் வாய் பிளப்பதால் மேலும் சொல்கிறார். ஊரிலிருந்து வருபவர்களையும் நம் குழந்தைகளையும் அழைத்துச் சென்று காட்டும் பொறுப்பு நம்முடையது. அடுத்த முறை மேடையின் அடியில் நிற்கும்போது, அரசியின் மறைவையும் அரசரின் துயரையும் சொல்வோம். அவற்றோடு, வண்டி கேட்டு எழுதிய ஓலையையும், தில்லிக்குப் பெயர்ந்து வந்த சிற்பியையும், கல்லில் கிடக்கும் நட்சத்திரக் குறியையும் சேர்த்துச் சொல்வோம். கட்டியவர்களுக்கு அவர்களுடைய கைகளைத் திரும்பக் கொடுப்பது நம் சொல்லால் ஆகக்கூடிய காரியம்.